சோறு தின்னாததற்கு வாங்கிய அடி

இன்று சாய்ந்தமருதில் ஒரு கலியாணச் சாப்பாடு. சஹன் என்ற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம்.

எனக்குச் சீனி வருத்தம். டொக்டரிடம் கேட்டு மூன்று மாதமாகச் சோற்றைத் தொடுவதில்லை. அதனால் இறைச்சியை மட்டும் எடுத்துத் தின்றேன். மூன்றாவது துண்டை எடுக்கும்போது எதிரே இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"இறைச்சி முழுக்க ஒங்களுக்கு மட்டுமா காக்கா?"

"எனக்குச் சீனி. சோறு தின்னேலா."

"எனக்கும் சீனிதான். நான் சோத்தத் திண்டு மௌத்தாகவா?"

கையை வேகமாக உதறினேன். அது அவர் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவர் கறிக்கோப்பையைத் தூக்கி என் நெற்றியில் அடித்தார். சோற்றில் இரத்தம் சொட்டியது. மாப்பிள்ளையின் வாப்பா எங்கள் இருவரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

தையல் போடுமுன் இருவருக்கும் சீனி பார்த்தார்கள். எனக்கு இறங்கியிருந்தது. அவருக்கு ஏறிப்போயிருந்ததால் வார்ட்டில் மறித்துவிட்டார்கள்.

கட்டிலில் கிடந்தபடி கேட்டார்: "சோத்த உட்டுட்டு எப்படிக் காக்கா இருக்கீங்க?"

"கஷ்டம்தான். இறைச்சி கொஞ்சம் கூட வேணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். உதட்டுத் தையல் விடவில்லை.

சோறு தின்னாததற்கு அடி வாங்கியவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா?