பூட்டிய பிரிவில் ஒரு ரெசனேட்டர் கிதார்

“பெப்ரவரி 9, வெள்ளி. 14.10. கிதார் வாசித்தார். கதவருகே போனார். பதற்றம்.” சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பதிவில் நான் ஜெர்மன் மொழியில் எழுதியது இது. அன்றே தமிழில் என் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டேன்.

மறதி நோயாளர் பிரிவின் கதவு நான்கு இலக்க எண்ணுக்குத்தான் திறக்கும். பதிவில் நான் குறித்தவர் அங்குள்ள முதியவர் ஒருவர்; ரயில்வேயில் வேலை செய்தவர். வார இறுதிகளில் கன்ட்ரி இசைக்குழுவொன்றில் ரெசனேட்டர் கிதார் வாசித்தவர். மர உடலின் நடுவே துளையிட்ட உலோக மூடி, உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு. மடியில் கிடத்தி, இடது கையால் உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் இழுப்பார். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கும். தகரக் கூரைக்குக் கீழே யாரோ மூக்கால் அழுவதுபோல இருக்கும். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் மற்ற வாத்தியங்களை மீறிக் கேட்பதற்காகச் செய்த கிதார் அது. எங்கள் நடைவழியில் அதன் ஒலியிலிருந்து தப்ப இடமில்லை.

“கதவைத் திற, எனக்கு ரயில் இருக்கிறது” என்பார். திறக்க எனக்கு அனுமதியில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் பிரிவுத் தலைவி என் பதிவுகள் மூன்றை வாசித்தார். மூன்றிலும் முதலில் கிதார், பிறகு கதவு. இசைதான் அவரைக் கலக்குகிறது என்று முடிவாயிற்று. கிதாரை ஊழியர் அறை அலுமாரியில் பூட்டினார்கள். அதன்பின் அவர் பிற்பகல் முழுவதும் கதவருகே நின்றார், இடது கையால் சுவரின் கைப்பிடிக் கம்பியை முன்னும் பின்னும் வழித்தபடி.

துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார்:

“என்ன அண்ணை, தகரம் இண்டைக்கும் அழேல்லையோ?”

“பூட்டியாச்சு. நான் எழுதினதை வைச்சுத்தான்.”

“நீங்கள் தும்மினாலும் மணி பாத்து எழுதுற ஆளெல்லோ. முன்பின் மாறி எழுதிப்போட்டன் எண்டு போய்ச் சொல்லுங்கோவன்.”

“மாறினதோ எண்டு எனக்கே தெரியேல்லை, அக்கா.”

அது உண்மை. 14.10க்கு நான் குளியலறையில் வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஒலி கேட்டு மணி பார்த்தேன். வெளியே வந்தபோது அவர் கதவருகே நின்றார். மற்ற இரண்டு நாள்களும் அப்படியே. தலைவியிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் பதிவில் எதை எழுதுவது?” என்று கேட்டார்.

கிதார் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. அன்று அவர் முதலில் கதவருகே போய், அது திறக்காததால் கிதாரை எடுத்தாரா என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை. பார்த்தவர் யாரும் இல்லை.