பரீதாக்கா உரக்கச் சொன்ன சொல்

“அன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்ய எடுக்கிறம்.” பரீதாக்காவின் மகள் தொலைபேசியில் தாயின் மரணத்தைச் சொன்னபோது வெள்ளவத்தை வீட்டில் சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அக்காவின் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போகையில், பஸ்ஸில் அவருடைய முகம் நினைவுக்கு வரவில்லை, குரல்தான் வந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள். வேலை முடிந்ததும் சில நாட்களில் கடல் பார்ப்பதற்கென்றே என்னோடு ரயிலில் வெள்ளவத்தைக்கு வருவார். பம்பலப்பிட்டி தாண்டினால் பேச்சு நின்றுவிடும். ஜன்னலில் தலைசாய்த்து, அரைத்தூக்கத்தில், “வதனி, அந்த வெளிச்சத்துக்குள்ள சின்னச் சின்னத் தோணியா வாற மாதிரி ஈக்கிது, தெரியுதா?” என்பார். எனக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டுமே. “ஓம் அக்கா” என்பேன்.

மருதானையில் துணிக்கடை வைத்திருந்த வயதான ஹாஜியார் ஒருவரைப் பக்கத்துக் கடைக்காரர் அடித்துவிட்டார். வழக்கு வந்தது. “அடிக்கும்போது என்ன சொன்னார்?” என்று சிங்களத்தில் கேட்டார்கள். பரீதாக்கா அதைத் தமிழில் கேட்டார். ஹாஜியார் தலைகுனிந்து, அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தார். பரீதாக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மன்றம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “ஹம்பயா.” முஸ்லிம்களை இழிவாக அழைக்கும் சிங்களச் சொல் அது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் முகம் மாறவில்லை. விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

வெளியே மரநிழலில் ஹாஜியார் கலங்கி உட்கார்ந்திருந்தார். “உங்கட வாயால அதச் சொல்ல வெச்சிட்டேனே, மகள்.”

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அது ஏச்சாப் பொறந்த சொல் இல்ல ஹாஜியார். மலாய்க்காரங்க சின்னத் தோணியச் சம்பான்னு சொல்லுவாங்க. நம்மட தமிழ்ல அது சம்மான். அதுல வந்து யாவாரம் செஞ்சவங்க சம்மாங்காரர். சம்மாந்துறை, அம்பாந்தோட்டை எல்லாம் அந்தத் தோணி ஒதுங்கின எடம். சிங்களத்துல ஹம்பன்காரயான்னு சும்மா பேராத்தான் ஈந்திச்சு. பொறகுதான் அதக் குறுக்கி ஏச்சாக்கிட்டாங்க.”

“என்ட வாப்பாட வாப்பா காயல்பட்டணத்துலேந்து தோணியிலதான் வந்தாரு” என்றார் ஹாஜியார், மெதுவாக. வெயில் இலைகளுக்கூடாக மண்ணில் அசைந்துகொண்டிருந்தது. இருவரும் வெகுதூரத்தில் எதையோ பார்ப்பவர்கள்போல இருந்தார்கள்.

வழக்கின் அடுத்த தவணையில் ஹாஜியார் முணுமுணுக்கவில்லை. நிமிர்ந்து நின்று அந்தச் சொல்லைத் தானே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிங்களச் சொல்தான் என்றாலும் கடமைப்படி அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். அன்றுதான் அவர் குரல் நடுங்கியது. பக்கத்துக் கடைக்காரர் மன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார், ஹாஜியாரும் ஏற்றுக்கொண்டார்.

“ஏனக்கா இண்டைக்குக் குரல் நடுங்கினது?” என்று ரயிலில் கேட்டேன்.

“நான் தனியாச் சொல்லக்குள்ள தாங்கிக்கிட்டேன், வதனி. அவர் சொல்லக்குள்ளதான் அழுக வந்திச்சு.”

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது கொஞ்சம் துணிவு. நாளை காலை சாட்சிக் கூண்டருகே நிற்பேன். கூசவைக்கும் சொல் வந்தால் மெருகு பூசாமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். பிறகு வெளியே வந்து, சாட்சி சொன்னவர் பக்கத்தில் போய் உட்காருவேன்.