அச்சாரம் என்று நினைத்தார் மாப்பிள்ளை

கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே இறங்கிவிடுகிற ஆள் நான். இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்டவன் போன அமாவாசை அன்று, செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், நிறைந்த கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்றேன். பாதி பயத்தில். மீதி... கோபத்தில்.

மணமக்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு திரை. திரையில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் செய்வது எப்படி என்று இலவச வகுப்பு. காலையில் பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்திடமே நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். "நிறைஞ்ச அமாவாசை. இன்னைக்கே அக்கவுன்ட் ஓபன் பண்ணிட்டுப் போங்க" என்றார் மைக் பிடித்தவர். சாமி கும்பிட வந்தவர்களையும் விடவில்லை!

எனக்கு அங்கே என்ன வேலை?

என் தங்கச்சி தொண்டூரில் வீடு கட்டுகிறாள். இல்லை, கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பிவிட்டது. தளம் போடுவதுதான் பாக்கி. அதற்கென்று வைத்திருந்த பணம் போய்விட்டது. மாப்பிள்ளை ஏழுமலை — தங்கச்சி வீட்டுக்காரர் — இதே ஆளின் முந்தைய வகுப்பில் உட்கார்ந்து பழகி, போனிலேயே தொலைத்துவிட்டார்.

மாப்பிள்ளை குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற விவசாயி. பிறகு எப்படிச் சிக்கினார்? அவருக்குத் தெரிந்த வியாபாரம் மாதிரியே அது இருந்தது. அதுதான் வினை.

எங்கள் பக்கம் அறுப்புக்கு முன்பே நெல்லுக்கு விலை பேசி அச்சாரம் வாங்குவோம். மூட்டை இன்ன விலை என்று சொல்லி வியாபாரி கொஞ்சம் பணம் கையில் வைப்பார். அறுப்பு நேரத்தில் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டால்? டீக்கடையில் வியாபாரியைப் பிடித்து, அச்சாரத்தைத் திருப்பிக் கையில் வைத்து, "கோச்சிக்காதய்யா" என்போம். அவர் நன்றாகத் திட்டுவார். டீக்காசை நாம் கொடுப்போம். முடிந்தது. அச்சாரத்தில் அதற்கு மேல் நஷ்டம் கிடையாது.

ஆப்ஷனில் 'கால்' என்று ஒன்றை, அதாவது பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை, விற்றால், விற்கிறவருக்கு முதலிலேயே பணம் வருகிறது. பிரீமியம் என்கிறார்கள். மாப்பிள்ளை அதை அச்சாரம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அஞ்சாவதோடு நின்ற எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா?

ஃபியூச்சர்ஸ் என்றால், இன்ன தேதிக்கு இன்ன விலை என்று இப்போதே பேசி முடிப்பது. வாங்குகிறவரும் கட்டுப்பட்டவர், விற்கிறவரும் கட்டுப்பட்டவர். கையிலிருந்து கொஞ்சம் பணம் கட்டினால் போதும். ஆனால் லாப நஷ்டம் முழுச் சரக்குக்கும் வரும். ஆப்ஷன் வேறு. பிரீமியம் கொடுத்து வாங்கியவர், விலை தோதுப்படவில்லை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கொடுத்த பிரீமியம் போகும், அவ்வளவுதான். விற்றவர் அப்படி விட முடியாது. விலை எங்கே ஏறினாலும், பேசிய விலைக்கு மேல் ஏறியதையெல்லாம் அவர்தான் கட்ட வேண்டும். அங்கே டீக்கடை இல்லை. 'கோச்சிக்காதய்யா' இல்லை. களத்தில் நெல்லும் இல்லை — இல்லாத நெல்லுக்கு விலை பேசியிருக்கிறார் மனுஷன்!

சில வாரம் பணம் வந்தது. தங்கச்சிக்கு மிக்ஸி வாங்கினார். "வாடகை மாதிரி வருது மச்சான்" என்று என்னிடமே பெருமைப்பட்டார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் சந்தை எகிறிக்கொண்டு திறந்தது. டிவியில் சிரித்துச் சிரித்துச் செய்தி வாசித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா ஏழுமல, மார்க்கெட்டு எகிறிக்கினு போவுதாமே... எங்களுக்கெல்லாம் பிரியாணி இல்லியா?" என்று கேட்டாராம்.

ஏறாது என்று நம்பி விற்றவர் மாப்பிள்ளை. ஏற ஏற, இன்னும் பணம் கட்டு என்று மெசேஜ் வந்தது. தங்கச்சியின் நகையை அடகு வைத்துக் கட்டினார். அதற்கு மேலும் ஏறியது. கடைசியில் அக்கவுன்ட் கொடுத்திருந்த புரோக்கர் கம்பெனியே கணக்கை முடித்து, இருந்ததை எடுத்துக்கொண்டது.

போனில் அந்தக் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் முதலிலேயே, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று கட்டம் கட்டி எச்சரிக்கை வருகிறது. தினமும் அதைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். ஏன் மாப்பிள்ளை என்றேன்.

"சிகரெட்டு டப்பாவுல போட்டுருக்குதே மச்சான், அந்த மாதிரின்னு நெனச்சிக்கினேன்."

சரி, மண்டபத்துக்கு வருவோம். அந்த ஆள் ஆப்ஷன் விற்பதன் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. ஒன்றுதான் வாயில் வந்தது.

"நஷ்டம் வந்தா எது வரைக்கும் வரும்?"

"நல்ல கேள்வி அண்ணே. தியரிட்டிக்கலி, அன்லிமிடெட் ரிஸ்க். பட், டிசிப்ளின் இருந்தா மேனேஜ் பண்ணிடலாம். ஸ்டாப் லாஸ் எதுக்கு இருக்கு?"

ஸ்டாப் லாஸ் என்றால், இன்ன விலை வந்ததும் தானாக வெளியே வந்துவிடும் ஏற்பாடு. மாப்பிள்ளையும் போட்டுத்தான் வைத்திருந்தார். சனி, ஞாயிறு மூடியிருந்த சந்தை, திங்கட்கிழமை அந்த விலையைத் தாண்டிக் குதித்துத் திறந்தால் அது எங்கே பிடித்து நிறுத்தும்?

"அதத் தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

"எதண்ணே?"

"இப்ப சொன்னீங்களே... நஷ்டம் எது வரைக்கும்னு. அத."

சிரித்தார். "அண்ணன் எது வரைக்கும் படிச்சிருக்காரு?" என்றார். சொன்னேன். மண்டபமே சிரித்தது. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

காலையிலிருந்து அந்த வாய் அழகான தமிழ்தான் பேசியது. மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வருமானம், பிள்ளைகள் படிப்பு... எல்லாம் தமிழ். நஷ்டத்துக்கு எல்லையே இல்லை என்கிற ஒரே ஒரு சேதிக்கு மட்டும் எதற்கு இங்கிலீஷ்? தமிழில் சொன்னால் நாற்காலி காலியாகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? அப்புறம் டிசிப்ளினாம்! கரண்ட் வருகிற நேரம் பார்த்து எழுந்து கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனுஷனுக்கு ஒழுங்கு இல்லையாம். இலவச வகுப்புக்குப் பின்னால் காசு வகுப்பு. அக்கவுன்ட் திறக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கமிஷன். மாப்பிள்ளை ஜெயித்தாலும் இவருக்கு லாபம், தோற்றாலும் இவருக்கு லாபம். பழி மட்டும் தோற்றவர் தலையில்!

உங்கள் ஊர் மண்டபத்துக்கும் இவர்கள் வருவார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் தமிழில் வருகிற வரை உட்காராதீர்கள்.

சாயங்காலம் தொண்டூர் போனேன். நல்ல மழை. தளம் இருக்க வேண்டிய இடத்தில் தகர ஷீட் போட்டுக் குடி வந்துவிட்டார்கள். மூலையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஷீட்டில் விழுந்த மழைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று தங்கச்சியைக் கேட்டேன்.

அவள் என் காதருகே வந்து சொன்னாள்: "அடுத்த வாரம் உட்டத எல்லாம் புடிச்சிடலாம்னு சொல்லுவாருண்ணா. தெனம் அதான். மழ பேஞ்சா எனக்கு நிம்மதியா இருக்குது."