கெட்டுப்போன இரண்டாவது ஃபிலிம்

"லேசருக்கும் தருமபுரிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டபோது நான் பேசாமல் வந்திருக்கலாம். வரவில்லை. "எனக்கும் லேசருக்கும் சம்பந்தம் இருக்குதுங்க சார், ஊரை விடுங்க" என்றேன். அறையில் இருந்த இரண்டு விரிவுரையாளர்களும் சட்டென்று விடைத்தாள் கட்டுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தருமபுரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். செய்முறை வகுப்பில் மாணவர்கள் தப்பாக அளப்பதைச் சரியாக அளக்க வைப்பது என் வேலை. வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உயர்திறன் லேசர் ஒன்று இருந்தது. அங்கே ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வயது வரம்பின்படி எனக்கு அதுதான் கடைசி வருடம். வேலையில் இருக்கிறவர்கள் துறைத் தலைவர் கையெழுத்துடன் முறைப்படிதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"சரி. இந்த சப்ஜெக்ட்ல நீயே உன் கையால அளந்தது ஏதாவது ஒண்ணைக் கொண்டா. அப்புறம் போடறேன்" என்றார். இத்தோடு போய்விடுவாள் என்று நினைத்திருப்பார். அக்டோபர் கடைசிவரை நேரம் இருந்தது.

அப்படி என்ன ஆசை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மிக வலுவான லேசர் ஒளியை ஊசிமுனையைவிடச் சின்னப் புள்ளியாகக் குவித்து ஓர் உலோகத் தகட்டின் மேல் அடிக்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்தைப் பல கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம்தான் அந்த அடி. அதற்குள் அந்த இடம் கொதித்து, அணுக்கள் உடைந்து, எலெக்ட்ரான்கள் கழன்று ஓடுகின்றன. அவற்றில் சில வெறிபிடித்த வேகத்தில் ஓடும். ஓடி உலோகத்தில் முட்டி நிற்கும்போது எக்ஸ்ரே கிளம்பும். எவ்வளவு வேகம் என்று கண்டுபிடிக்க, எக்ஸ்ரே ஃபிலிமையும் அலுமினியத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி வைப்பார்கள். எத்தனை தகட்டைத் துளைத்துப் போய் ஃபிலிமைக் கறுக்க வைக்கிறதோ, அத்தனை வேகமான எலெக்ட்ரான். இதையெல்லாம் சனிக்கிழமைகளில் பெங்களூர் பஸ் ஏறிப்போய், அங்கே ஒரு நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வந்தேன்.

தருமபுரியில் லேசர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகமான எலெக்ட்ரான் இல்லை என்று யார் சொன்னது? பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேண்டில் என்னும் வலைத்துணியில் தோரியம் இருக்கிறது. அதிலிருந்து இரவும் பகலும் எலெக்ட்ரான் பாய்ந்துகொண்டிருக்கிறது. லேசர் துரத்தினாலும் தோரியம் துரத்தினாலும் அலுமினியத்துக்கு ஒன்றுதான்.

கல்யாணங்களுக்கும் ஒகேனக்கல் மீன் கடைகளுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடும் கடைக்குப் போய் இரண்டு டஜன் மேண்டில் கேட்டேன்.

"எத்தன லைட்டுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"லைட்டு இல்லீங்க. மேண்டில் மட்டும்தான்."

"லைட்டு இல்லாம மேண்டிலை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"இருட்டுல வெப்பேனுங்க."

படித்த பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவர் முகம் வாடியது. ஒரு மேண்டிலைக் கொசுறாகப் போட்டுக் கொடுத்தார்.

ஃபிலிமுக்கு, பஸ் ஸ்டாண்டு அருகே எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் டெக்னீஷியனாக இருந்த நண்பரிடம் போனேன். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக்காரர், பள்ளியில் என் வகுப்பு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்க ட்யூப்லயும் இதே கூத்துதானுங்க. எலெக்ட்ரான் ஓடி வந்து முட்டுது, எக்ஸ்ரே வருது. உங்காளுங்க கரண்டுக்குப் பதிலா வெளிச்சத்தை வெச்சு வெரட்டுறாங்க, அவ்வளவுதானுங்களே?" என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை. ஒரே ஃபிலிமை இருட்டறையில் இரண்டாக வெட்டி, இரண்டு கறுப்பு உறைகளில் ஒட்டிக் கொடுத்தார்.

என் பழைய அலுமினியத் தட்டைப் பட்டை பட்டையாக வெட்டினேன். முதல் உறையின் மேல் ஒரு பட்டை, பக்கத்தில் இரண்டு, அடுத்து மூன்று என்று ஐந்து படிகள் அடுக்கி, அதற்கும் மேலே ஒரு டஜன் மேண்டில் பரப்பிக் கட்டி, ஆய்வுக்கூட பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். இரண்டாவது உறையை மேல் இழுப்பறையில் தனியாக வைத்தேன். அதன் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது. சும்மா கிடப்பதுதான் அதன் வேலை, 'கன்ட்ரோல்' என்பார்கள். அது வெளுப்பாகவே இருந்தால்தான், முதல் ஃபிலிம் கறுத்தது சூட்டாலோ பழசானதாலோ இல்லை, எலெக்ட்ரானால்தான் என்று சொல்ல முடியும். மிஞ்சிய மேண்டில்கள் அடுத்த அறை அலமாரியில் இருந்தன. 'தொடாதீர்கள்' என்று எழுதி பீரோவில் ஒட்டினேன். பூட்டவில்லை.

ஐந்து வாரம் காத்திருந்தேன். நடுவில் ஆயுதபூஜையும் அதையொட்டிப் பத்து நாள் விடுமுறையும் வந்தன. வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. உறைகளின் மேல் குங்குமப் பொட்டு இருந்தது. பூஜை முடிந்த ஆய்வுக்கூடத்தில் தராசுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும்கூடப் பொட்டு இருக்கும், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, நண்பரின் இருட்டறையில் இரண்டையும் கழுவினோம். முதல் ஃபிலிமில் படிக்கட்டு வந்தது! தகடு இல்லாத இடம் நல்ல கறுப்பு, ஒரு தகட்டின் கீழ் கொஞ்சம் குறைவு, அடுத்ததில் இன்னும் குறைவு. ஐந்தாவது படியில் லேசான மங்கல் மட்டும் மிஞ்சியது, அது மேண்டிலிலிருந்தே வரும், தகடு தடுக்க முடியாத காமா கதிர். எலெக்ட்ரான்கள் எங்கே நின்றன என்று விரலால் தொட்டுக் காட்டலாம். சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

பிறகு இரண்டாவதைத் தூக்கினார் நண்பர். அதுவும் கறுப்பு.

மறுநாள் காலை இரண்டையும் தலைவர் மேஜையில் வைத்தேன். முதலாவதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. இரண்டாவதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஸ்டெப்ஸ் பிரமாதமா வந்திருக்கும்மா. கன்ட்ரோல்தான் கெட்டுப்போச்சு. எங்கயோ லைட்டு புகுந்திருக்கு. ஒண்ணு பண்ணு. அதை எடுத்துடு. இந்த ஒண்ணை மட்டும் வெச்சு எழுதிக் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். நான் கேட்டு வந்தது கையெட்டும் தூரத்தில் இருந்தது. "ஒரு மணி நேரம் குடுங்க சார்" என்று ஃபிலிம்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தா வெயிலில் இரண்டாவது ஃபிலிமை நீட்டிப் பிடித்தேன். கறுப்புக்கு நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் முனையில் இரண்டு கொடுக்கு. எத்தனை நூறு தடவை மாணவர்களுக்கு அதைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பேன், எனக்கா தெரியாது? அது தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர்.

நேராக லேப் அட்டெண்டரிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர், ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைத்தறியாதவர்.

"அண்ணா, பூஜையப்போ என் கவரைத் தொட்டீங்களா?"

"தொட்டேனுங்க மேடம். லேப் சாமானெல்லாம் எடுத்து வெச்சு அடுக்கினேன். கீழ்தட்டுல இருந்ததைக் கட்டி வெச்சிருந்தீங்க, அதுக்கு அங்கயே பொட்டு வெச்சுட்டேன். மேல இருந்த கவரை எடுத்துப் பூஜையில வெச்சேனுங்க."

"தொடாதீங்கன்னு எழுதியிருந்தேனே?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பார்த்தேனுங்க. அது பசங்களுக்குன்னு நெனச்சேன். நீங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு உங்க சாமானை மட்டும் ஒதுக்கி வெச்சா நல்லாவாங்க இருக்கும்? யாராச்சும் கேட்டா உங்களுக்குக் கஷ்டமில்லீங்களா? அதான், அடுத்த ரூம்ல மிச்சமிருந்த உங்க மேண்டிலை அடியில வெச்சு, அது மேல வெர்னியரு, அது மேல கவருன்னு அடுக்கினேன். மறுநாளே லீவு விட்டுட்டாங்க. காலேஜ் தொறந்த அன்னிக்குத்தானுங்க எடுத்து எடத்துல வெச்சேன்."

அந்த மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? பத்து நாள், மேண்டிலின் மேல் என் கன்ட்ரோல். என்னை ஒதுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைப் படைத்து வைத்திருக்கிறார். பூட்டாதது என் தப்பு. அவரிடம் அதைச் சொன்னேன்.

ஆனால் என் மூளை அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. உறைக்குள் வெளிச்சம் புகுந்திருந்தால் வெளியே இருந்த வெர்னியரின் உருவம் எப்படி விழும்? கறுப்பு உறையைத் துளைத்து வந்தது, இரும்பைத் துளைக்க முடியாமல் நின்றிருக்கிறது. அதோடு, வெர்னியரின் நிழல் விழுந்த இடம் தெளிவாக வெளுத்திருந்தது. சூட்டிலோ பழமையிலோ ஃபிலிம் கெட்டிருந்தால் அந்த இடமும் கறுத்திருக்கும். கெட்டுப்போனது என்று எடுத்துவிடச் சொன்ன ஃபிலிம், எனக்குத் தேவையான சாட்சியத்தைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது.

ஒரு மணி நேரம் முடியுமுன் தலைவர் அறையில் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லி, "ரெண்டும் போகணும்ங்க சார். நடந்ததையும் எழுதிடறேன்" என்றேன்.

"என்னன்னு எழுதுவே? பூஜையில வெச்சதுல கன்ட்ரோல் கெட்டுப்போச்சுன்னா? படிக்கிறவன் சிரிக்க மாட்டான்? காலேஜ் மானம் என்ன ஆகும்?"

"சிரிக்கட்டுங்க. நடந்தது அதுதானுங்களே."

"இது போனா என் கையெழுத்து இல்லை."

"அப்ப வேண்டாமுங்க" என்றேன். சொன்னதில் வருத்தமில்லை. என்னால் அளக்க முடியாது என்று முதலில் நினைத்தார். அளந்து காட்டியதும் அதில் பாதியை மறைக்கச் சொன்னார். இரண்டுக்கும் நான் தலையாட்டவேண்டிய அவசியம் என்ன?

கையெழுத்து இல்லாமல் முன்கூட்டி ஒரு நகல் அனுப்பலாம் என்று விதி இருந்தது. அன்றைக்கே இரண்டு ஃபிலிமையும் நான்கு பக்க விளக்கத்தையும் வைத்துப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். வீட்டில் அண்ணன், "பேனாவைத் தொறந்த மனுசனை மூட வெச்சுட்டு வந்திருக்கிறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினான். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தபாலைத் திரும்ப வாங்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. போனேன். மேஜையின் மேல் இரண்டாவது ஃபிலிமைத்தான் வைத்திருந்தார்கள். "பீரோவை ஏன் பூட்டவில்லை?" என்பதுதான் முதல் கேள்வி. என் தப்பு என்றேன். அடுத்த முக்கால் மணி நேரமும் அந்த வெள்ளை நிழலைப் பற்றித்தான் பேச்சு. எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியிலிருந்து ஒரு சான்றிதழுடன் வந்து சேரச் சொன்னார்கள்.

சான்றிதழைத் தலைவர் தானே டைப் அடித்து வைத்திருந்தார். நல்ல நடத்தை, நேரந்தவறாமை, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி, இவரது சோதனை இத்துறையின் முழு ஊக்கத்துடனும் ஒப்புதலுடனும் நடைபெற்றது என்று. காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"இந்தக் கடைசி வரி நடக்கலீங்க சார். எடுத்துடுங்க."

"கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க. இந்த வரிக்குக் கீழ வேண்டாம்."

தலைவர் டைப்ரைட்டரில் புதுக் காகிதம் ஒன்றைச் செருகினார். அவர் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.