வாள் எடுக்காத சிப்பாய்

என் தாத்தாவை, அம்மாவின் அப்பாவை, நான் பார்த்ததில்லை. முதல் மகாயுத்தம் தொடங்கியபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். பினாங்குத் துறைமுகத்தில் கொல்லராக இருந்தவர், தன் தாயைப் பார்க்க மதராசுக்குப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டார். திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தால் சிங்கப்பூருக்கு அனுப்புவோம், அங்கிருந்து வீடு பக்கம்தானே என்று ஆள் பிடிப்பவன் ஒருவன் ஆசை காட்டியிருக்கிறான். நம்பிப் போனவரை இராக் பக்கம் பஸ்ராவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அவர் செத்த விதத்தை எங்களுக்குச் சொன்னவர் அதே படையில் இருந்த கூட்டாளி. சண்டை முடிந்து பினாங்குக்குப் பிழைக்க வந்தவர், ஒரு பெரிய ஜவுளிக்கடையில் காவலுக்கு இருந்தார். அம்மா அவரைச் சித்தப்பா என்பாள். வயிற்றில் குண்டு பட்ட தாத்தாவை, காயம்பட்ட மற்றவர்களோடு சரக்கேற்றும் தொங்கான் படகில் கிடத்தி, கொளுத்தும் வெயிலில் ஆற்று வழியே கொண்டுபோனார்களாம். சுற்றிலும் ஆறு. மொண்டு கொடுக்க ஓர் ஆள் இல்லை. தண்ணீர் கேட்டுக்கொண்டே உயிரை விட்டார். பக்கத்தில் கால் முறிந்து கிடந்த இவரால் எழ முடியவில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற எங்களுக்கு ஒரு கல்லறைகூடக் கிடையாது.

எனக்கு இருபது வயதிருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அந்த ஜவுளிக்கடை முதலாளிதான் எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்துக்குத் தலைவர். ராஜ விசுவாசத்தைக் காட்ட ஒரு கூட்டம் போட்டார். முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள். சிப்பாயின் மகள் என்று அம்மாவை மேடையில் உட்காரவைத்தார்கள். கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

முதலாளி பேசினார். தாத்தா குதிரையில் ஏறினாராம், வாளை உருவினாராம், சக்கரவர்த்தி பெயரைச் சொல்லிச் சிரித்தபடி செத்தாராம். அம்மா எழுந்தாள்.

“ஐயா, எங்கப்பா குதிரையும் ஏறல, வாளும் எடுக்கல. தண்ணி தண்ணின்னு கேட்டே செத்தாரு. ஏமாத்தித்தான் கூட்டிட்டுப் போனாங்க.”

“உக்காரும்மா,” என்றார் முதலாளி. பிறகு சபையைப் பார்த்துச் சிரித்தார். “துக்கத்துல பேசுது லா.” மேடை ஓரத்தில் பதக்கம் குத்திக்கொண்டு நின்ற தன் கடைக் காவல்காரரிடம் திரும்பினார். “நீ கூட இருந்தவன்தானே? அப்படியா நடந்துச்சு?”

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. “ரொம்ப வருஷமாச்சு முதலாளி. ஞாபகம் இல்ல.”

கை தட்டினார்கள். பேண்டு வாத்தியம் முழங்கியது. பொய் என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

சில நாள் கழித்து அந்தக் காவல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். போய்விடுங்கள் என்றேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, “உள்ள வாங்க சித்தப்பா,” என்று கூப்பிட்டுக் கோப்பி கலந்து கொடுத்தாள். அவர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டுப் போனார்.

“இந்த வயசுல கடைய விட்டா அவரு எங்க போவாரு?” என்றாள் அம்மா.

“அதுக்காகத் தாத்தாவ வித்துடலாமா?”

அம்மா கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டொரு வருஷத்தில் அவர் இறந்தார். அம்மா அடக்கத்துக்குப் போய், சொந்தத் தகப்பனுக்கு அழுவதுபோல் அழுதுவிட்டு வந்தாள். நான் போகவில்லை. முதலாளி அளந்தது பொய்தான். ஆனால் அவர் அந்தத் தொங்கானில் இல்லை. இவர் பக்கத்தில் படுத்திருந்தவர், தாத்தாவின் கடைசிக் குரலைக் கேட்டவர். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.