பன்றிக்கும் நரிக்கும் ஒரே துப்பாக்கி

கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறத் தொப்பி அது. பிரான்சில் வேட்டைக்குப் போகிறவர்கள், புதருக்குள் அசைவது மனிதன்தான் என்று மற்றவருக்குத் தெரிவதற்காகப் போட்டுக்கொள்வது. சித்தப்பா அதை எங்கள் பேட்டையான உப்பளத்தில் மீன் வாங்கப் போகும்போதும் போட்டுக்கொள்வார். தெரியாதவர்கள் அவரை ரோடு போடுகிற இடத்து மேஸ்திரி என்றுதான் நினைத்திருப்பார்கள். மத்தியானம் மாதா கோயில் மணி அடித்தால் மட்டும் அந்தத் தொப்பி தலையை விட்டு இறங்கும். எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சோடு பிடித்து, மூவேளைச் செபம் சொல்லி, கைக்கடிகாரத்தைச் சரிபார்த்து, மறுபடி மாட்டிக்கொள்வார். சோற்றில் கை வைத்திருந்தாலும் இது தவறாது.

சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அக்டோபர் வந்தால் தென்பிரான்சில் மகள் இருக்கும் கிராமத்துக்குப் போய்விடுவார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வேட்டைக் குழுவோடு காட்டுக்குப் போவது அவருக்குப் பூசைக்கு அடுத்த கடமை. இரவல் துப்பாக்கியிலேயே காலம் தள்ளியவருக்கு, இரண்டு வருடங்களுக்கு முன்பு, சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஒரே ஒரு துப்பாக்கி, அதுவும் பூட்டிய இரும்பு அலமாரிக்குள். ஆனால் அந்த ஊரில் திராட்சைத் தோட்டத்தை உழுதுபோடும் காட்டுப்பன்றியும் உண்டு, கோழியைத் தூக்கும் நரியும் உண்டு. இரண்டுக்கும் ஒத்துவரும் காலிபர், அதாவது குண்டின் பருமன், எது? அதைக் கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. ஆனால் சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரிந்த அளவுக்கு ஆங்கிலம் தெரியாது. இணையத்தில் கிடைப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் காடு. சித்தி குழம்புக்கு வாங்கிவைத்த சேனைக்கிழங்கு பன்றி, எலுமிச்சம்பழம் நரி. பென்சில்தான் குண்டு. இருநூற்று நாற்பத்து மூன்று என்ற சின்ன காலிபர் நரிக்குக் கச்சிதம். பன்றிக்கும் ஆகும், ஆனால் சரியான இடத்தில் படவேண்டும். படாவிட்டால் காயத்தோடு புதருக்குள் போய்விடும், அதைத் தேடி நாயோடு போகிறவன் தொடை கிழிந்து வருவான். அதைவிடப் பெரிய முந்நூற்று எட்டு பன்றியை நின்ற இடத்தில் சாய்த்துவிடும். நரியை அதால் சுட்டால் மிச்சம் எதுவும் தேறாது, அது போகட்டும். பன்றியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிற குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. சித்தப்பா திரும்பத் திரும்ப அதையே கேட்டார். நான் எதைப் படித்தாலும் முடிவில், “சரி, அந்தப் பக்கம் போனா எவ்ளோ தூரம் போவும்?” என்பார். அனுபவசாலியின் நிதானம் என்று நினைத்து மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் வேட்டையின் ஒழுங்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுடுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். எதிரே காட்டுக்குள்ளிருந்து நாய்களோடு சிலர் சத்தம் போட்டுப் பன்றியை விரட்டி வருவார்கள். அவர்கள் நெருங்கியதும் தலைவர் கொம்பு ஊதுவார். ஊதிவிட்டால் அவ்வளவுதான், மூக்குக்கு நேரே பன்றி வந்தாலும் தோட்டாவை உருவிவிட வேண்டும். அதற்குப் பிறகு சுடுகிறவன் வேட்டைக்காரன் இல்லை, கொலைகாரன் என்றார். அப்போது கோயில் மணி அடித்தது. நான் எழுந்தேன். சமையலறையில் சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது கதவு வழியாகத் தெரிந்தது. சித்தப்பா சேனைக்கிழங்கைத் திருப்பிவைத்து மேலே பேசிக்கொண்டிருந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது.

மணியே கேட்காதவருக்குக் கொம்பு எப்படிக் கேட்கும்? டிவி அலறுவதையும், காலிங் பெல்லுக்குச் சித்தியே ஓடுவதையும் வயசாகிவிட்டது என்று சிரித்துக் கடந்திருந்தோம். பீரங்கிப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த காதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. சித்தியிடம் மெதுவாகச் சொன்னேன். சித்திக்கு என்னைவிட முன்பே தெரிந்திருந்தது. சித்தப்பாவுக்கு வாங்கிய காது மிஷின் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் கிடப்பதைக் காட்டினார். காற்று அடித்தால் அதில் இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்பதில்லையாம்.

“அவரு ஆசைக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன் தம்பி. ஆனா அங்க எதிர்ல நடந்து வர்றது யாரோ பெத்த புள்ளைங்க” என்றார் சித்தி.

அக்டோபர் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் போடும் சத்தத்தில்கூட எங்கோ கொம்பு ஊதுவதுபோல இருக்கும். யார் என்றே தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரனுக்காக நான் உப்பளத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். பட்டாளத்துக்காரரிடம் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் கோழைத்தனமாக, இந்த வருடம் நரியை மட்டும் பார்த்துக்கொண்டால் என்ன, வரிசையில் நிற்க வேண்டாமே என்று சுற்றி வளைத்தேன்.

சித்தப்பா தொப்பியைக் கழற்றி எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் சொன்னார்:

“போன வருசம் கொம்பு ஊதியிருக்காங்க. எனக்குக் கேக்கல. பன்னி வந்துச்சு, சுட்டுட்டேன். குண்டு அதத் தாண்டிப் போயி நாய் புடிச்சிக்கிட்டு வந்த பொண்ணு காலடி மண்ணக் கெளப்பிச்சு. ஊதுறதும் சுட்டதும் ஒண்ணா நடந்துடுச்சின்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். பன்னிக்குள்ளயே நின்னுபோற மாதிரி ஒரு குண்டு இருந்தா பயமில்லாம நிக்கலாமேன்னுதான் தேடுறேன். ஒண்ணும் அமையலடா.”

பன்றியும் நரியும் சாக்கு என்று அப்போதுதான் புரிந்தது. காது செய்ய வேண்டிய வேலையைக் குண்டிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. போனை எடுத்து அவர் முன் வைத்தேன்.

அவர் வேட்டைக் குழுத் தலைவரை அழைத்தார். பிரெஞ்சில், தெருவுக்கே கேட்கும்படி பேசினார். அவர் பேசிய வேகத்தில் எனக்கு விளங்கிய ஒரே சொல் ‘சூர்’, செவிடு. அதை இரண்டு முறை சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அவருக்குக் கேட்கவில்லை. “என்னா சொல்றான்னு கேளு” என்று போனை என்னிடம் நீட்டினார். தலைவர் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்காக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் சித்தப்பாவின் காதருகே குனிந்து கத்தினேன்.

“துப்பாக்கி வேணாமாம் சித்தப்பா. கொம்பு ஊதுறதுக்கு நீங்க வரணுமாம். அவரு கை காட்டுவாராம், நீங்க ஊதணுமாம்.”

துப்பாக்கி வாங்கவில்லை. இரண்டு வருடங்கள் போய்க் கொம்பு ஊதிவிட்டு வந்தார். அந்த ஞாயிறுகளில் மகளிடமிருந்து போன் வரும்வரை நானும் சித்தியும் நிலைகொள்ளாமல்தான் இருப்போம். பயம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் லேசில் கிளம்புவதில்லை. இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று பயணத்தையே விட்டுவிட்டார். காது முழுதாகப் போய்விட்டது. இப்போது லீவு நாளில் நான் போனால், பன்னிரண்டு மணி நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தபடி இருப்பார். மணி அடிக்கும். நான் கையைத் தூக்குவேன். சித்தப்பா எழுந்து தொப்பியைக் கழற்றுவார்.