பொட்டு வைத்த போல்ட்டு

டயர் மாற்ற மெக்கானிக் எதற்கு என்று என் மினி லாரியின் பின்சக்கரத்தை வீட்டு வாசலிலேயே கழற்ற உட்கார்ந்தேன். லாரியோடு வந்த ஸ்பேனர் போல்ட்டின் தலையில் உட்காரவே மாட்டேன் என்றது. அளவு தப்பு என்று முடிவுகட்டி, தேரடித் தெருவுக்குப் போய் அடுத்த சைஸ் வாங்கிவந்தேன். அது நன்றாக உட்கார்ந்தது. திருகினால் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. துரு என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். லாரி செய்தவனைத் திட்டினேன். ஸ்பேனர் விற்றவனை அதைவிட ஜாஸ்தியாகத் திட்டினேன்.

டீ கொண்டுவந்த மனைவி குனிந்து போல்ட்டை நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது.

"துரு இல்லீங்க, சந்தனம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீங்க வெக்கிறதுதான். அடுத்த வருசம் அதைத் தொடைக்காம மேலயே பெயிண்ட் அடிக்கிறீங்க. திரும்பச் சந்தனம் வெக்கிறீங்க."

என் பக்தியை உளியால் செதுக்கி எடுத்தேன். பழைய ஸ்பேனர் கச்சிதமாகப் பிடித்தது. போல்ட்டுகள் முனகாமல் கழன்றன.

இந்த ஆயுத பூஜையில் போல்ட்டுகளுக்கு வெறும் கும்பிடு மட்டும்தான். ஒரு வேலையும் செய்யாத புது ஸ்பேனருக்குத்தான் பெரிய பொட்டாக வைத்தேன்.